புகைமலையில் ஒரு கும்பிடு

நம் யாத்திரை ஆபீசில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் வந்த இரண்டாம் நாளே என்னைத் தேடிப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், நீங்க எரிமலைக்கு ஆளுங்கள இட்டுக்கினு போனவராமே, எப்படி இருந்துச்சி?" நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான். அதை என் கண்ணைவிட என் முதுகுதான் அதிக நேரம் பார்த்தது. நீங்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். அதோடு போகட்டும் என்றுதான் நானும் இத்தனை நாள் விட்டுவைத்தேன். இப்போது என் முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டது. நானும் அதன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு, சிரிப்புக்குப் பின்னால் இருக்கிறதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

டிக்கெட் எழுதுவது, மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவது, விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறும்போது தலை எண்ணுவது எல்லாம் மேனேஜர் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லிக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை நான் ஒரு பொய் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறவர்களோடு வழித்துணையாகப் போக ஆபீசில் நாலைந்து பேர் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி அக்கரைச் சீமை போகிறவர்களோடு போக நான் ஒருவன்தான். சுமத்ராத் தீவில், மேதானில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருஷம் துணி மடித்ததில் மலாய் பாஷை ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் என் படிப்பு, பட்டம் எல்லாம்.

ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த முத்துவேலும் அவர் மனைவி அஞ்சலையும் விழுப்புரம் வந்து ஆபீஸ் படியேறினார்கள். அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இடுப்பில் அகலமான தோல் பெல்ட். நாற்காலியில் உட்கார்ந்ததும் பெல்ட் ஒருமுறை முனகியது.

"ஏய்யா, நீதான் அக்கரைச் சீமை ஏஜெண்டா? என் மச்சான் மேதான்ல மாடு வெச்சிக்கினு பால் ஊத்தறான். இவளுக்கு அங்க போவணுமாம்."

"தம்பியப் பாக்கவா அக்கா?" என்றேன்.

"தம்பியத்தான் போன வருசம் பாத்தேனே, வந்துட்டுப் போனானே," என்றார் அஞ்சலை. "அங்க ஒரு மலை இருக்குதாம் தம்பி. எப்பவும் பொகையுமாம். எங்க ஊரு மலையனூருப் பக்கம். கார்த்திகைக்கு மொட்டை மாடியில நின்னா அண்ணாமலையார் தீபம் தெரியும். ஆனா அது நாம நெய்ய ஊத்தி ஏத்தறது. இது யாரும் ஏத்தலியாம். தானா உள்ளுக்குள்ள எரியுதாம். அத ஒரு வாட்டி பாத்துடணும்."

முத்துவேல் என் பக்கம் குனிந்தார். "இருவத்தாறு வருசமா ஒரு மூக்குத்தி கேட்டவ இல்லய்யா இவ. இப்ப கேக்கறா பாரு, மலையக் கேக்கறா."

"ஆபத்து ஒண்ணும் இல்லியே?" என்று அந்த அம்மாள் கேட்டார். "நீ போயிருக்கியா தம்பி?"

அந்த மலையை நான் பார்த்ததுண்டு. மேதானுக்கு வெளியே, சாலையில் ஒரு மாட்டு வண்டியின் மேல் நின்று, வெகு தூரத்தில், ஊதுபத்திப் புகை மாதிரி. ஆனால் முகத்தை நம்பி ஒருவர் கேட்கும்போது 'போனதில்லை' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"ரெண்டு வாட்டி போயிருக்கேங்க அக்கா. நம்ம செஞ்சிக் கோட்டை ஏறுற மாதிரிதான். குடை ஒண்ணு இருந்தாப் போதும்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் பொய் சொன்னது புண்ணியம் என்றே நினைத்துக்கொண்டேன்.

கப்பல் பயணத்தைச் சொல்லப் போவதில்லை. முத்துவேல் பினாங்கு வரைக்கும் வாந்தி எடுத்தார், அஞ்சலை பினாங்கு வரைக்கும் கடலைப் பார்த்தார், அவ்வளவுதான். மேதானில் தம்பி வீட்டில் நாலு நாள். பிறகு மோட்டாரில் மலையடிவாரம். அங்கே ஒரு குதிரைக்காரர். அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். இரண்டு குதிரை வைத்திருந்தார். ஆள் வராத நாளில் மலை மேல் போய்க் கந்தகம் பொறுக்கிக்கொண்டு வந்து விற்பார். மேதானில் இருந்த நம் ஆட்கள் மலை பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் அடுப்பு எரிவதே அவர்களால்தான் என்று அஞ்சலையின் தம்பி சொல்லியிருந்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதுவும் என் லட்சணம்.

குதிரையை விட்டிறங்கி நடக்க வேண்டிய இடத்தில் அவர் எங்களை நிறுத்தினார். மலாயில், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக என்னிடம் சொன்னார். மலையின் கெட்ட மூச்சு கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. காற்று அடிக்காத பள்ளத்தில் இறங்கக் கூடாது. தப்பித் தவறி இறங்கினாலும் உட்காரக் கூடாது, குனியக் கூடாது. ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் ஓடிப்போய்க் குனிந்து தூக்கக் கூடாது. சொல்லி முடித்துவிட்டு, 'இவர்களுக்குச் சொல்லு' என்று கையைக் காட்டினார்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலைத் தாண்டி வந்திருக்கிறார். மடியில் கற்பூரம் வைத்திருக்கிறார். இந்த நேரத்தில் கெட்ட மூச்சு, விழுவது, சாவது என்று எப்படிச் சொல்வது? தவிர, செஞ்சிக் கோட்டை மாதிரி என்று நானே சொல்லியிருக்கிறேன். செஞ்சிக் கோட்டையில் ஏது கெட்ட மூச்சு?

"என்னாய்யா இவ்ளோ நேரம் பேசறாரு?" என்றார் முத்துவேல்.

"பாத்து, மெதுவா வாங்கன்றாரு மொதலாளி."

"இவ்ளோ பேச்சுக்கு இவ்ளோதானா அர்த்தம்?"

"இவங்க பாஷையே அப்படித்தாங்க. இழு இழுன்னு இழுக்கும்."

குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எல்லாம் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தோம். மரம் இல்லை, புல் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கிண்ணம். அதன் பக்கங்களில் அங்கங்கே ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பூசணிப்பூ மாதிரி மஞ்சள் கந்தகம் விரிந்திருக்கிறது. ஆவி பீறிட்டு வரும் சத்தம், நம் விழுப்புரம் யார்டில் பத்து எஞ்சின் ஒரே நேரத்தில் ஆவி விட்டால் எப்படியோ அப்படி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் காலடியில் மண் வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிறவர் மார்பில் கை வைத்தது போல ஒரு வெதுவெதுப்பு. எதற்காக மனிதர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே நின்ற பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திண்டிவனத்துல கல்லு ஒடைக்க வேட்டு வெச்சா இதே நாத்தம்தான் அடிக்கும்," என்றார் முத்துவேல். "இதுக்கா கப்பலு?"

அஞ்சலை கிண்ணத்தின் விளிம்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"தீயக் காணமே அக்கா," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அம்மன் உள்ள வெச்சிருக்கா தம்பி. எல்லாருக்குமா காட்டுவா?"

முத்துவேல் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விளிம்பிலிருந்து கீழே, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு பள்ளத்தில் இறங்கினார். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை சீறிக்கொண்டிருந்தது. மலையனூரில் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் புற்று மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு பிடி வீட்டுக்கும் கொண்டுவருவார்களே, அதுபோலக் குனிந்து ஒரு பிடி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மெய் சிலிர்த்தது. பினாங்கு வரைக்கும் கடலையும் கப்பலையும் திட்டிக்கொண்டு வந்த மனிதருக்குள் இவ்வளவு பக்தியா? எழுந்திருக்கவே மனம் வரவில்லை போலிருக்கிறதே. இப்படி நான் உருகிக்கொண்டிருக்கும்போது, கொஞ்ச தூரத்தில் கந்தகத்தைக் கிளறிக்கொண்டிருந்த குதிரைக்காரர் திரும்பிப் பார்த்து அலறினார். "குடை, குடை" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

அந்த நேரத்தில் என் மூளை செய்த வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குடை என்கிறார். குடை எதற்கு? மேலிருந்து விழுவதற்கு. மேலிருந்து என்ன விழும்? நெருப்புக் கல். ஆகவே மலை வெடிக்கிறது. கையிலிருந்த குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது. கழன்ற செருப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலும் ஓடினேன். வழித்துணையாக வந்தவன் வழியைத் துணையாக எடுத்துக்கொண்டு நாற்பது ஐம்பது அடி போய்விட்டேன்.

பிறகுதான் என் தலையில் எதுவும் விழவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் ஓடவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் அஞ்சலை இறங்கப் போகிறார். குதிரைக்காரர் குறுக்கே கையை நீட்டித் தடுக்கிறார், என்னவோ சொல்கிறார். அந்த அம்மாளுக்கு அவர் பாஷை தெரியாது. கையைத் தட்டிவிட்டு ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். கீழே முத்துவேல் அசையாமல் கிடக்கிறார்.

அடிவாரத்தில் விழுங்கியதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஓடிவந்துகொண்டே கத்தினேன்.

"அக்கா, குனியாதீங்க. குனிஞ்சா நீங்களும் போயிடுவீங்க. கீழ வெஷக் காத்து தேங்கிக்கினு இருக்குது. மூச்ச அடக்குங்க. நின்னுக்கினே இழுக்கணும்."

அந்த அம்மாள் அந்த இடத்திலேயே நின்றார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். அதில் எல்லாமும் இருந்தது. நான் குடையை மடக்கிக் குதிரைக்காரரிடம் கொடுத்தேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குனியாமல், குடையின் வளைந்த கைப்பிடியை முத்துவேலின் தோல் பெல்ட்டில் மாட்டி இழுத்தார். இதற்குத்தான் குடை. பாதி தூரம் இழுத்ததும் அவருக்கு மூச்சு தீர்ந்தது. மேலே ஏறி வந்துவிட்டார். அவர் அடுத்த மூச்சு எடுப்பதற்குள் அஞ்சலை வாயை இறுக மூடிக்கொண்டு, நிமிர்ந்தபடியே இறங்கிக் குடையைப் பிடித்துவிட்டார். மண்டியில் மல்லாட்டை மூட்டை இழுத்த கை. குதிரைக்காரர் அந்த அம்மாள் கையைப் பிடிக்க, நான் குதிரைக்காரரைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பள்ளத்தில் கால் வைக்காத ஒரே ஆள் நான்தான்.

காற்று அடிக்கிற மேட்டில் அவரைக் கிடத்தினோம். முகம் வெளிறியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்தேன். அடிக்கிற காற்றில் எதுவும் தெரியவில்லை. குதிரைக்காரர் அவரை ஒருக்களித்துப் புரட்டி முதுகில் ஓங்கித் தட்டினார். எத்தனை தட்டு என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை அழவில்லை. கணவர் காதருகில் வாயை வைத்து, "இந்தாங்க, எழுந்திருங்க. வண்டிக்கு நேரமாவுது," என்றார். அந்த வார்த்தைதான் அவருக்கு வந்தது. திண்டிவனத்தில் தினமும் காலையில் சொல்கிற வார்த்தை.

முத்துவேல் இருமினார். பிறகு வாந்தி எடுத்தார். நான் ஒரு வாந்தியைக் கண்டு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அந்த ஒரு முறைதான். அவருடைய வலது கை மூடியபடியே இருந்தது. அஞ்சலை விரல் விரலாகப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி மஞ்சள் கலந்த வெள்ளை மண், இன்னும் சூடாக.

"உனக்குத்தான் எடுத்தேன்," என்றார் முத்துவேல். குரலே வரவில்லை.

"எனக்கு சாமி காட்ட வந்துட்டு நீங்களே சாமியாப் போவப் பாத்தீங்களே," என்று சொல்லிவிட்டு அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து அவர் நெற்றியில் இட்டார். அப்போதுதான் அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது.

இறங்கும்போது முத்துவேலைக் குதிரையில் ஏற்றினோம். அஞ்சலை எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார்.

"அவரு அடிவாரத்துலயே இதச் சொன்னாரா தம்பி?"

"சொன்னாருங்க அக்கா."

"நீ மேல வந்ததே இல்ல, இல்லியா?"

"இல்லீங்க அக்கா."

முன்னால் போகிற குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவருகிட்ட இப்ப சொல்லாத. கோவம் வந்தா நெஞ்சு அடிச்சிக்கும் இவருக்கு. ஊரு போய்ச் சேரட்டும்." எனக்கு உயிர் வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை என்பதுதான் வெட்கம்.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து முத்துவேல் ஆள் அனுப்பினார். உயிர் பிழைத்து வந்ததற்குக் கூழ் ஊற்றி எல்லாருக்கும் சாப்பாடு போட்டிருந்தார். திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் மண்டி ஆட்கள் எட்டுப் பத்துப் பேர். முத்துவேல் நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாய்யா ஏஜெண்டு. இவன் கத்துன கத்துலதான்யா அவ நின்னா. இல்லாட்டி ரெண்டு பொணம். ஆனா அந்தக் குதிரைக்காரன் இருக்கானே, அவன விடக் கூடாது. தெனம் போறவன், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? மச்சானுக்கு லெட்டர் போடணும். நம்ம ஆளுங்க ஒருத்தன் இனிமே அவனக் கூப்புடக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்லி எழுது. உனக்குத்தான் கையெழுத்து நல்லா வரும், எழுது."

காகிதமும் பேனாவும் என் மடியில் வந்து விழுந்தன.

உள்கதவு ஓரத்தில் அஞ்சலை நின்றிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். 'வேண்டாம்' என்றாரா, 'உன் இஷ்டம்' என்றாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதப் போகிற நாலு வரியில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதரின் அடுப்பு அணையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் முதலில் இறங்கியவர் அவர். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். திண்டிவனத்து ஆள் ஒருவரும் இனி நம் ஆபீஸ் படி ஏற மாட்டார். புகைமலையில் ஓடியது போல இங்கேயும் ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் சாப்பிட்டு முடித்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவரு சொன்னாருங்க மொதலாளி," என்றேன். "எல்லாத்தயும் சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

குதிரைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நான் மலை மேல் அதற்கு முன்னால் போனதே இல்லை என்பதைச் சொன்னேன். குடையை விரித்துக்கொண்டு ஓடியதைச் சொன்னபோது மூலையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, முத்துவேல் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முத்துவேல் கத்தவில்லை. வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ சொல்லியிருந்தா நான் எறங்கியிருக்க மாட்டேன்னு நெனைக்கிறியா?"

"எறங்கியிருக்க மாட்டீங்க மொதலாளி."

"எறங்கியிருப்பேன்யா." கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னார். "இவ அங்க நின்னு அழுதுக்கினு இருக்கறா. மண்ணு எடுக்காம எப்படி வர்றது? எறங்கித்தான் இருப்பேன். ஆனா தெரிஞ்சி எறங்கியிருப்பேன். மூச்ச அடக்கிக்கினு போயி, நின்னுக்கினே கும்புட்டுட்டு, ஒரு கரண்டிய நீட்டி அள்ளிக்கினு வந்திருப்பேன். அத நீ எனக்கு விடலியே."

பிள்ளைகளே, வேலை போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. போகவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த வருஷம் அவரே இரண்டு பேரை அனுப்பினார். நம்மிடம் வருகிறவர்கள் எதையோ பார்க்கக் கிளம்பிவிட்டவர்கள். புகைகிற மலையோ, வெள்ளம் ஓடுகிற கங்கையோ, அவர்களைத் தடுக்க நமக்கு உரிமை கிடையாது, தடுத்தாலும் நிற்க மாட்டார்கள். அவர்கள் பயந்துவிடுவார்களே என்று நாம் எதையாவது விழுங்கும்போது, பெரும்பாலும் பயந்திருப்பது நாம்தான்.

"என்னா சும்மா உக்காந்துக்கினு இருக்கற," என்றார் முத்துவேல். "எழுதுன்னேன் இல்ல. குதிரைக்காரரு மேல தப்பு இல்லன்னு எழுது. அவரு சொன்னத அப்படியே எழுது. மச்சான் நேரா போயி அவரு கையப் புடிச்சி, நான் பொழச்சிக்கினேன்னு சொல்லணும்னு எழுது. அவரு பேரு என்னா?"

"கேக்கலீங்க மொதலாளி."

"அதயும் கேட்டு எழுதச் சொல்லு."

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. கூடத்தில் எல்லாரும் கேட்கப் படித்துக் காட்டினேன். முத்துவேல் தலையாட்டினார். நான் காகிதத்தை மடித்தபோது கதவோரத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"தம்பி, நீ ஓடுனத எழுதினியா?"

"இல்லீங்க அக்கா."

"அதயும் எழுது."

காகிதத்தை மறுபடி பிரித்தேன்.